வீடியோ வகுப்பைப் பொட்டலம் கட்டுவது எப்படி? கம்ப்யூட்டரில் பைதான் புதுப்பிக்கும் பாடம்



ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசுக்கு முத்திரை வைப்பது என்று சங்கங்களில் அவ்வப்போது வகுப்புகள் நடக்கின்றன. நாலு பேர் வேலைக்கு இருக்கும் கடைக்காரர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார். ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவரால் கல்லாவை விட்டு எழுந்து வர முடிவதில்லை. உண்மையில் இந்த விவரங்கள் அவருக்குத்தான் அதிகம் தேவை. அபராதம் வந்தால் தாங்க முடியாதவரும் அவரே. அதனால்தான் வகுப்புகளை வீடியோவாகப் பதிவு செய்து, செல்போனில் பார்க்கும்படி சங்கத்தின் இணையப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது.

இதிலும் ஒரு சங்கடம். ஊர்க்கோடியில் கடை வைத்திருப்பவருக்கு சிக்னல் சரியாக இருப்பதில்லை. வீடியோ இரண்டு நிமிடம் ஓடும், பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். வாடிக்கையாளர் வந்தவுடன் அவர் மூடி வைத்துவிடுவார். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவருக்கே போய்ச் சேராது.

இதற்கு வழி, வீடியோவைப் பொட்டலம் கட்டி அனுப்புவது. அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கருவியைக் கொண்டு வந்து வைத்தால் பல கம்ப்யூட்டர்களில் அது ஓடாமல் நின்றுவிடுகிறது. கருவி கெட்டுப்போனதாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் குறை இராது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய பைதான் என்ற சாப்ட்வேர் இல்லாமல் இருக்கும், அல்லது பழையதாக இருக்கும். அதைச் சரியான இடத்திலிருந்து, சரியான முறையில், கடைக் கணக்குக்குப் பங்கம் வராமல் புதுப்பிப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். நான் பள்ளிப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவன். எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

மூட்டையும் பொட்டலமும்

நூறு கிலோ துவரம் பருப்பு மூட்டையை அப்படியே யாரும் வீட்டுக்கு வாங்கிப் போக மாட்டார்கள். நாம் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி வைக்கிறோம். கையில் இருக்கும் காசுக்குத் தகுந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். வீடியோவும் அப்படித்தான்.

ஒரு மணி நேர வகுப்பை நல்ல தெளிவில், நொடிக்கு 5 மெகாபிட் அளவில் வைத்தால் கணக்கு என்ன ஆகிறது? ஒரு மணிக்கு 3,600 நொடி. 5-ஐ 3,600-ஆல் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட். இது முழு மூட்டை. அதையே நொடிக்கு 1.5 மெகாபிட்டில் வைத்தால் 675 மெகாபைட். 0.4 மெகாபிட்டில் வைத்தால் 180 மெகாபைட்தான். படம் சற்று மங்கலாக இருக்கும். ஆனால் பேச்சு கேட்கும், பலகையில் பெரிய எழுத்தாக எழுதினால் அதுவும் தெரியும்.

பொட்டலம் கட்டும் கருவி இந்த மூன்று தரத்தையும் எடுத்து, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி அடுக்குகிறது. 4 நொடிக்கு ஒரு துண்டு என்றால் ஒரு மணி நேரத்துக்குத் தரம் ஒன்றுக்கு 900 துண்டு. கூடவே ஒரு விலைப்பட்டியல் போன்ற பைலையும் எழுதி வைக்கிறது. எந்தத் தரம் எங்கே இருக்கிறது என்பது அதில் இருக்கும். பார்ப்பவரின் செல்போன் அந்தப் பட்டியலைப் படித்து, சிக்னல் நன்றாக இருக்கும்போது பெரிய துண்டையும், குறையும்போது சிறிய துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். வீடியோ நிற்காது.

இதற்கு உலகில் இரண்டு முறைகள் பெரிதாக வழக்கத்தில் உள்ளன. ஒன்று ஆப்பிள் கம்பெனி 2009-ல் கொண்டு வந்த எச்.எல்.எஸ். மற்றொன்று 2012-ல் பன்னாட்டுத் தரமாக வெளியான டேஷ். ஐபோன் முதல் முறையை விரும்பும். மற்ற செல்போன்களில் பிளேயரைப் பொறுத்து இரண்டும் ஓடும். ஒரே தடவையில் இரண்டுக்கும் பட்டியல் எழுதித் தரும் கருவியை வைத்துக்கொள்வது நல்லது.

கருவி எதன் மேல் நிற்கிறது?

பென்டோ 4 என்ற கருவித் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். நம்மைப் போல் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. அதை இறக்கி விரித்தால் உள்ளே பல சிறு கருவிகள் இருக்கும். எம்.பி.4 இன்போ என்பது வீடியோ பைலின் விவரத்தைக் காட்டும். எம்.பி.4 பிராக்மென்ட் என்பது வீடியோவை வெட்டுவதற்குத் தோதாக உள்ளுக்குள் பிரித்து வைக்கும். எம்.பி.4 டேஷ் என்பதுதான் பொட்டலம் கட்டிப் பட்டியல் எழுதும் கருவி.

இதில் முதல் இரண்டும் தாமாகவே ஓடக்கூடியவை. எம்.பி.4 டேஷ் அப்படியல்ல. அது பைதான் என்ற புரோகிராம் மொழியில் எழுதப்பட்ட குறிப்பு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதன் பெயரை அடித்தால், ஒரு சிறு பைல் எழுந்து, "பைதானே, இந்தக் குறிப்பைப் படித்து வேலை செய்" என்று பைதானைக் கூப்பிடுகிறது. சமையல்காரர் இல்லாத வீட்டில் சமையல் குறிப்பு மட்டும் இருந்தால் சோறு வராது அல்லவா? அதே நிலைதான்.

ஆகவே பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எம்.பி.4 இன்போ ஓடுகிறது, எம்.பி.4 டேஷ் மட்டும் ஓடவில்லை என்றால், பென்டோ 4 சரியாக வந்திருக்கிறது, முதலில் பார்க்க வேண்டியது பைதானை என்று அறியலாம்.

எல்லாப் பொட்டலக் கருவிக்கும் பைதான் வேண்டும் என்பதில்லை. கூகுள் வெளியிடும் ஷாகா பேக்கேஜர் என்பது ஓடத் தயாரான பைலாகவே கிடைக்கிறது. ஆகவே எந்தக் கருவியானாலும் அதனுடன் வரும் விளக்கப் பைலில் "தேவையானவை" என்ற பகுதியை முதலில் படியுங்கள். தேவையில்லாததை ஏற்றுவதும் ஒரு செலவுதான்.

பழைய பைதானும் புதிய பைதானும்

பைதான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கிடோ வான் ரோசம். 1991-ல் முதல் வெளியீடு வந்தது. 2000-ல் இரண்டாம் பதிப்பும், 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பும் வந்தன. வழக்கமாகப் புதுப் பதிப்பு வந்தால் பழைய குறிப்புகளும் அதில் ஓடும். மூன்றாம் பதிப்பில் அப்படிச் செய்யவில்லை. பழைய குறைகளைக் களைவதற்காக, வேண்டுமென்றே சில விதிகளை மாற்றினார்கள்.

ஓர் உதாரணம். ஏழு ரூபாயை இரண்டு பேருக்குப் பங்கிடச் சொன்னால் இரண்டாம் பதிப்பு ஆளுக்கு 3 என்று சொல்லும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்கும் என்பது அதன் விதி. மூன்றாம் பதிப்பு 3.5 என்று சரியாகச் சொல்லும். இன்னொன்று, திரையில் ஒன்றை எழுதிக் காட்டச் சொல்லும் "பிரின்ட்" என்ற கட்டளை. பழைய முறையில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதலாம். புதிய முறையில் அடைப்புக்குறி கட்டாயம். இப்படிப்பட்ட மாற்றங்களால் ஒன்றுக்கு எழுதிய குறிப்பை மற்றது பல இடங்களில் ஏற்றுக்கொள்ளாது.

நமக்கு இது புதிதல்ல. 1957 ஏப்ரல் 1-ல் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. 1958-ல் தொடங்கிக் கிலோ எடைக்கற்கள் படிப்படியாகக் கடைக்குள் நுழைந்தன. வீசையும் பலமும் சில காலம் கிலோவோடு கூடவே இருந்தன என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் கல்தான், இரண்டும் எடை போடும். ஆனால் வீசையில் எழுதிய சிட்டையைக் கிலோ என்று படித்தால் கணக்கு கெட்டுவிடும். பைதானிலும் 2008 முதல் ஏறத்தாழப் பதினோரு வருஷம் இரண்டு பதிப்பும் சேர்ந்தே நடமாடின. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு நின்றது. அதே வருஷம் ஏப்ரலில் 2.7.18 என்ற கடைசி வெளியீட்டோடு கணக்கு முடித்துவிட்டார்கள். அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அவர்களிடமிருந்து மருந்து வராது.

பென்டோ 4-ன் பழைய வெளியீடுகள் இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்டவை. இன்றைய வெளியீடு மூன்றாம் பதிப்புக்கு உரியது. எனவே இரண்டும் ஒத்துப்போக வேண்டும். புதிய கருவிக்குப் பழைய பைதான் இருந்தாலும் தகராறு, பழைய கருவிக்குப் புதிய பைதான் இருந்தாலும் தகராறு. இரண்டையும் சேர்த்தே புதுப்பிப்பதுதான் முறை.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, எந்தக் கம்ப்யூட்டர்? பில் போடும் கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே மேல். பைதான் ஏற்றுவதால் பில் சாப்ட்வேர் கெடும் என்று சொல்லவில்லை. ஆனால் கல்லாவில் ஒரு வேலை, பட்டறையில் ஒரு வேலை என்று பிரித்து வைப்பது வியாபாரிக்கு நல்லது. வேறு கம்ப்யூட்டர் இல்லை, அதில்தான் செய்தாக வேண்டும் என்றால், கணக்கு முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, அதைத் திறந்து பார்த்துச் சரிபார்த்து, கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் எந்தப் பதிப்பு? விண்டோஸ் 7-ல் பைதான் 3.8 வரைதான் ஏறும். 3.9 முதல் ஏறாது. அந்த 3.8-க்கும் ஆதரவு 2024-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கே ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. பைதான் 3.13 முதலான பதிப்புகளுக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குவோர் விண்டோஸ் 11 பார்த்து வாங்கவும்.

மூன்றாவது, எங்கிருந்து எடுப்பது? பைதானின் சொந்த இணையதளம் பைதான் டாட் ஆர்க். அங்கே டவுன்லோட்ஸ் என்ற பகுதியில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். தேடும் பக்கத்தில் மேலே வரும் விளம்பரங்களை அழுத்த வேண்டாம். பணம் கேட்டாலும், வேறு ஒரு "டவுன்லோடர்" ஏற்றச் சொன்னாலும், கார்டு எண் கேட்டாலும் உடனே மூடிவிடுங்கள். மூட்டையின் முத்திரையைப் பார்க்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. இறக்கிய பைலின் மேல் வலது பட்டனை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று போனால், கையெழுத்திட்டவர் பெயர் பைதான் சாப்ட்வேர் பவுண்டேஷன் என்று இருக்க வேண்டும். அதுதான் முத்திரை. அது இல்லாத பைலைத் தொட வேண்டாம்.

நான்காவது, எந்தப் பதிப்பு? வருஷந்தோறும் அக்டோபர் மாதவாக்கில் ஒரு புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. நேற்று வந்ததை இன்றே எடுக்க வேண்டும் என்பதில்லை. வந்து ஒரு வருஷம் ஆகி, இன்னும் ஆதரவில் இருக்கும் பதிப்பு நம் வேலைக்குப் போதும். அந்தந்தப் பதிப்பின் நிலை அதே இணையதளத்தில் போட்டிருக்கும்.

ஏற்றும் முறை

1. முதலில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸின் தேடும் கட்டத்தில் சி.எம்.டி. என்று ஆங்கிலத்தில் அடித்தால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதில் பைதான் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு, ஒட்டி வெர்ஷன் என்று அடித்து என்டர் அழுத்துங்கள். 2-ல் தொடங்கும் எண் வந்தால் பழையது. 3-ல் தொடங்கினால் மேற்கொண்டு அது ஆதரவில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2. வந்த எண்ணை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பைதான் இணையதளத்திலிருந்து விண்டோஸுக்கான 64 பிட் இன்ஸ்டாலரை இறக்குங்கள். இன்ஸ்டால் மேனேஜர் என்று ஒரு புது முறையும் அங்கே இருக்கும். நான் இங்கே சொல்வது தனியான இன்ஸ்டாலர் பைலைப் பற்றி.

4. அதைத் திறந்தால் முதல் திரையின் அடியில் "ஆட் பைதான் டாட் இஎக்ஸ்இ டு பாத்" என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்த பிறகே மேலே உள்ள "இன்ஸ்டால் நவ்" என்பதை அழுத்த வேண்டும். இந்தப் பாடம் முழுவதிலும் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். பாத் என்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் விலாசப் புத்தகம். பைதான் என்று கூப்பிட்டால் எந்த அறையில் தேடுவது என்று அதில் எழுதியிருக்கும். டிக் செய்யாவிட்டால் பைதான் வீட்டுக்குள் இருக்கும், விலாசம் இருக்காது. கருவி கூப்பிட்டால் பதில் வராது.

5. வெற்றிகரமாக முடிந்தது என்று திரை காட்டியதும், ஏற்கெனவே திறந்து வைத்திருந்த கறுப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய திரை பழைய விலாசப் புத்தகத்தையே கையில் வைத்திருக்கும்.

6. முதல் படியில் செய்தது போல மறுபடியும் வெர்ஷன் கேளுங்கள். புதிய எண் வந்தால் வேலை முடிந்தது. அதையும் நோட்டில் எழுதுங்கள்.

7. அடுத்து பென்டோ 4-ன் புதிய வெளியீட்டை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, சி டிரைவில் இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயருள்ள போல்டரில் விரியுங்கள். உள்ளே இருக்கும் பின், யுடில்ஸ் என்ற இரண்டு போல்டர்களையும் பிரிக்காதீர்கள். ஒன்றில் கூப்பிடும் பைலும் மற்றதில் பைதான் குறிப்பும் உள்ளன. ஒன்றை மட்டும் எடுத்து வேறு இடத்தில் வைத்தால் ஓடாது.

வரக்கூடிய தடைகள்

பைதான் என்று அடித்தால் மைக்ரோசாப்ட் ஸ்டோர் கடை திறக்கிறது, அல்லது பைதான் இல்லை, ஸ்டோரிலிருந்து ஏற்றுக என்று வருகிறது: இது விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு பொய் விலாசம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் "ஆப் எக்ஸிக்யூஷன் அலையாசஸ்" என்ற இடத்தில் பைதான் பெயரில் உள்ளவற்றை அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் பைதான் இல்லை என்று வந்தால் நான்காம் படியில் டிக் விடுபட்டிருக்கிறது. இன்ஸ்டாலரை மறுபடி திறந்து, பைதானை எடுத்துவிட்டு, டிக் செய்து மீண்டும் ஏற்றினால் போதும்.

புதியதை ஏற்றியும் பழைய எண்ணே வருகிறது: விலாசப் புத்தகத்தில் பழையது மேலே இருக்கிறது. கறுப்புத் திரையில் வேர், இடைவெளி, பைதான் என்று ஆங்கிலத்தில் அடித்தால் இருக்கும் பைதான்களின் இடங்கள் வரிசையாக வரும். முதலில் இருப்பதைத்தான் கம்ப்யூட்டர் எடுக்கும். என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்ற பகுதியில் பாத் பட்டியலைத் திறந்து, புதியதன் வரிகளை மேலே நகர்த்த வேண்டும். நகர்த்துவது மட்டுமே வேலை. மற்ற வரி எதையும் அழிக்காதீர்கள். எந்த வரி எந்த சாப்ட்வேருக்கு உரியது என்று நமக்குத் தெரியாது.

பிரின்ட் கட்டளையில் அடைப்புக்குறி இல்லை என்று பிழை வருகிறது: பைதான் புதியது, கருவி பழையது என்று பொருள். குறிப்பைத் திருத்த உட்கார வேண்டாம். கருவியின் புதிய வெளியீட்டை இறக்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம், பழுது பார்க்க வந்தவர் "இந்தக் கம்ப்யூட்டர் இனிமேல் உதவாது, புதிது வாங்குங்கள்" என்று விலையும் சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தது, வேகமும் குறைவில்லை. விடுபட்ட டிக் ஒன்றைப் போட்டு மறுபடி ஏற்றியதும் எல்லாம் ஓடியது. பழுது பார்ப்பவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. சரக்கின் விலை தெரியாமல் கொள்முதலுக்குப் போகக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு நிமிட வீடியோவில் சோதனை

முழு வகுப்பையும் எடுத்த எடுப்பில் போடாதீர்கள். ஒரு நிமிட வீடியோவில் பாருங்கள். எப்.எப்.எம்பெக் என்ற இலவச சாப்ட்வேர் மூலம் அதை மூன்று தரத்தில் தயார் செய்ய வேண்டும். இங்கே ஒரு விதி உண்டு. மூன்றிலும் வெட்டும் இடங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். வீடியோவில் ஆங்காங்கே முழுப் படம் ஒன்று வரும். அதற்குக் கீ பிரேம் என்று பெயர். அங்கேதான் வெட்ட முடியும். நொடிக்கு 25 படம் ஓடும் வீடியோவில் 4 நொடிக்கு ஒரு முறை வெட்ட, 100 படத்துக்கு ஒரு கீ பிரேம் என்று மூன்று தரத்துக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். கால் கிலோ பொட்டலத்தில் ஒன்று 250 கிராம், மற்றொன்று 230 கிராம் என்று இருந்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்க முடியாதல்லவா? இங்கும் வெட்டு ஒத்துப்போகாவிட்டால் எம்.பி.4 டேஷ் தகராறு செய்யும். அது பைதானின் குற்றம் அல்ல.

பிறகு மூன்று பைலையும் எம்.பி.4 பிராக்மென்ட் வழியாக ஒவ்வொன்றாக அனுப்பி, வெளிவந்த மூன்றையும் சேர்த்து எம்.பி.4 டேஷுக்குக் கொடுக்க வேண்டும். எச்.எல்.எஸ். பட்டியலும் வேண்டும் என்றால் இரண்டு சிறு கோட்டுடன் எச்.எல்.எஸ். என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடிக்க வேண்டும். முடிந்ததும் அவுட்புட் என்ற போல்டர் உண்டாகும். உள்ளே ஸ்ட்ரீம் என்ற பெயரில் எம்.பி.டி. பட்டியலும், துண்டுகள் அடுக்கிய போல்டர்களும் இருக்கும். இரண்டாவது முறை ஓட்டும்போது அந்தப் போல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நிற்கலாம். பழையதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

அந்தப் பட்டியலை இரண்டு தடவை தட்டினால் உடனே படம் ஓடவில்லையே என்று கலங்க வேண்டாம். அது இணையப் பக்கத்தில் வைத்து, அதற்குரிய பிளேயர் மூலம் பார்ப்பதற்கானது. போல்டர் முழுவதையும் சங்கத்தின் இணைய இடத்தில் ஏற்றி, பக்கம் வடிவமைப்பவரிடம் பட்டியலின் விலாசத்தைக் கொடுத்தால் அவர் பொருத்திவிடுவார். கடைசிச் சோதனையை நல்ல சிக்னல் உள்ள இடத்தில் செய்து பயனில்லை. சிக்னல் குறைந்த இடத்துக்கு ஒரு சாதாரண செல்போனை எடுத்துப் போய், படம் மங்கினாலும் பேச்சு நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள்.

பழையதை என்ன செய்வது?

பழைய பைதானை உடனே அழிக்க வேண்டாம். இரண்டு பதிப்பும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்து பக்கத்தில் இருக்கலாம். வேறு ஏதாவது பழைய சாப்ட்வேர் அதை நம்பிக்கொண்டிருக்கக்கூடும். அப்படி எதுவும் இல்லை என்று உங்களுக்கு அந்த சாப்ட்வேர் கொடுத்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு எடுத்துவிடுங்கள். ஆதரவு போனதை வெறுமனே வைத்திருப்பதிலும் நன்மை இல்லை. லினக்ஸ் உபயோகிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் உடன் வரும் பைதானை ஒருபோதும் அழிக்கக்கூடாது. லினக்ஸின் பல உள்வேலைகள் அதைக் கொண்டே நடக்கின்றன.

எது ஓடியதோ அந்தப் பைதான் பதிப்பின் எண், பென்டோ 4 வெளியீட்டின் எண், ஏற்றிய தேதி மூன்றையும் நோட்டில் எழுதி, இறக்கிய இரண்டு பைல்களையும் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை கம்ப்யூட்டர் மாறினாலும் அரை மணியில் பழைய நிலைக்கு வரலாம். ஓடிக்கொண்டிருப்பதை வகுப்புக்கு முதல் நாள் புதுப்பிக்காதீர்கள். தராசுக்கு முத்திரை புதுப்பிப்பது போல வருஷத்துக்கு ஒரு நாள் குறித்து, அன்று மட்டும் பதிப்பு ஆதரவில் உள்ளதா என்று பார்த்தால் போதும்.

இந்த வேலையைச் சங்கத்துக்கு ஒருவர் கற்றுக்கொண்டால் போதாது, இருவராவது கற்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் செய்யலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் பாடத்தை வரிவரியாகப் படித்துச் செய்யுங்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், உங்களுக்குக் கணக்கு தெரியும்.

செலவு என்று பார்த்தால் ஒரு மாலைப் பொழுதும், ஒரு நோட்டும், ஒரு பென்டிரைவும்தான். வரவு, கடையைப் பூட்ட முடியாத கடைசிக் கடைக்காரருக்கும் வகுப்பு போய்ச் சேர்வது. சங்கச் சந்தாவில் அவர் பங்கும் இருக்கிறது. அவருக்கு உரிய சரக்கை அவர் கைக்கு எட்டும் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது நம் கடமை.